பாஸ்

குவைத்திலிருந்து தங்கச்சி பாக்கியமலர் அனுப்பிய பொதியில்
பால்மா, தலைவலித் தைலம், யாரோ போட்டுத் தேய்ந்த சப்பாத்து,
அதற்கடியில்
அவள் வேலை பார்க்கும் வீட்டுப் பையன் வீசியெறிந்த
ஒரு தூண்டில் பெட்டி.
மூடியில் மீன் படம். வாய் மட்டும் சாந்துச்சட்டி அளவு.
மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்: பாஸ்.
வீடே சிரித்தது.
றம்பொடையிலிருந்து தவலந்தென்னை வரை
பதினெட்டு வருடமாக என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.
மேசன் பாஸ்.

அந்த மீன் கொத்மலைத் தண்ணீரில் கிடையாது.
விரால் உண்டு.
பொய்த்தவளையை எந்த நாட்டில் செய்தார்கள் என்று
விரால் விசாரிப்பதில்லை.

முதல் மூன்று மாதம் நான் பிடித்தவை:
ஒற்றைச் செருப்பு, இரண்டு யூரியாப் பை,
கையாள் மரியசூசையின் தொப்பி,
தலையோடு சேர்த்து.

ஆகையால் சொல்கிறேன்.
நடுத்தண்ணீரைப் பார்த்து எறியாதே,
அங்கே ஆழம் மட்டும்தான் இருக்கிறது.
பட்ட மரத்தடி, புல் சரியும் கரை,
மழைக்குப் பிறகு ஓடைக் கலங்கலும் தெளிவும் முட்டும் கோடு,
அந்தக் கோட்டின் தெளிந்த பக்கம்.
எறிந்ததும் இழுக்காதே, வட்டங்கள் அடங்கட்டும்.
அடங்கிய பிறகும்
ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம் பொறு.
முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கு,
காய்ந்த தங்கூசி தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும்.
அட்டைக்குக் கணுக்காலில் சவர்க்காரம் பூசு.
பூசிய கையால் தவளையைத் தொட்டாயோ,
அன்றைக்கு மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.
கவ்வியவுடன் வெட்டி இழுக்காதே.
மேலே கவ்வும், கீழே போகும், கயிறு நகரும்.
ஒன்று, இரண்டு என்று எண்ணு.
இது எனக்கே இன்னும் வரவில்லை.
ஒன்றிலேயே கை போய்விடுகிறது.

மாசி வெயிலில் தண்ணீர் இறங்கியிருந்த ஒரு ஞாயிறு
ஈயம் வைத்த பொய்மீனை இறக்கினேன்.
ஏழு எண்ணியதும் டக்.
நாலடி தள்ளி எறிந்தேன். ஏழு. டக்.
இன்னும் நாலடி. ஏழு.
பாறை இப்படிக் கணக்கு வைக்காது.
கீழே மதில்!
பத்தாவது எறியில் பதினொன்று,
அதற்கடுத்து மறுபடி ஏழு.
அது வாசல்.
அணைக்கு முந்தி எவனோ ஒரு பாஸ்
மட்டம் பார்த்துக் கட்டியது.
இத்தனை வருடம் தண்ணீருக்குள் நின்றும்
ஒரு விரற்கடை சரியவில்லை.
போன ஐப்பசி மழையில்
பாலர் பள்ளிக்கு நான் கட்டிய மதில் என்ன ஆனது என்பது
இங்கே வேண்டாம்.

மீன் அந்த வாசலுக்குள்தான் இருந்தது.
தடி வளைந்து தண்ணீரைத் தொட்டது.
ரீலை நான் இறுக்கி வைத்திருந்தேன்,
சாரக்கட்டு இறுக்குகிற கையால்.
தளர்த்தி வை. முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.
படக்கென்று ஒரு சத்தம்,
பிறகு தங்கூசி காற்றில் சுருண்டு சுருண்டு வந்தது.
பெட்டிமூடியில் இருந்த அதே மீன்தான் என்று
மாதா மேல் சத்தியம் பண்ணினான் மரியசூசை.
அந்த நேரம் அவன் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தான்.

திங்கட்கிழமை
புசல்லாவையில் இர்ஷாத்தின் கடைக்குப் பின்சுவர்.
மட்டநூலை இழுத்துக் கட்டி
அதன்மேல் ஒரு விரலை வைத்தபடி
ஆறாவது வரிக்குக் கல் வைக்கிறேன்.
நூல் துடித்தது.
ஒன்று.
இரண்டு.
இந்தத் தடவை எண்ணினேன்.
எண்ணிவிட்டுத்தான் ஓங்கி இழுத்தேன்.
மூலைக்கல் முதலில் வந்தது,
சாந்து காயாத வரி அதன் பின்னால்.

நூலில் கால் இடறிய மரியசூசை
வாளியைக் கீழே வைக்காமல் கேட்டான்:
"எத்தனை கிலோ, பாஸ்?"